மண்ணையும் நீரையும் காக்கக் கற்றுக்கொள்ள: புதியவர்களுக்கு ஓராண்டு வழிகாட்டி

இஸ்ரோ 2021-இல் வெளியிட்ட நிலச்சீரழிவு வரைபடத் தொகுப்பின்படி, 2018-19 நிலவரத்தில் இந்தியாவில் 9.785 கோடி ஹெக்டேர் நிலம் சீரழிந்திருக்கிறது. நாட்டின் பரப்பில் இது 29.77 விழுக்காடு. இதற்கு முதல் காரணம் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போவது. அதைத் தடுக்கக் கற்றுக்கொள்ள இன்று இளைஞர்கள் பலர் முன்வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள், தாத்தாவின் மானாவாரி நிலத்தைத் திருத்த நினைப்பவர்கள், இதையே தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது "எந்தப் படிப்பில் சேரலாம்?" என்பதுதான்.

அதற்கு முன்னால், எந்த மண்ணில் வேலை செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். செம்மண்ணில் பத்து வருடம் நிற்கும் வரப்பு கரிசலில் முதல் மழைக்கே உடையும். மலைச்சரிவில் கற்றது கடலோர உவர் நிலத்தில் உதவாது. மண்ணை முடிவு செய்துவிட்டால் எங்கே போய், யாரிடம், எந்த மாதத்தில் கற்பது என்பது தானாகத் தெளிவாகும். தமிழ்நாட்டின் மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் குவிவதால், கற்பதையும் சித்திரையில் தொடங்கி அந்த மழையைக் கண்ணால் பார்த்து முடிப்பது நல்லது. கீழே உள்ளது அந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் நிலவகை

மானாவாரிக் கரிசல் என்றால் கோவில்பட்டி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. மானாவாரியில் மழைநீரை நிலத்திலேயே நிறுத்தும் முறைகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வரும் இடம் அது. அதே பல்கலைக்கழகம் வறண்ட செம்மண்ணுக்குச் செட்டிநாட்டிலும், கிருஷ்ணகிரி பக்கத்துக்குப் பையூரிலும் நிலையங்கள் வைத்திருக்கிறது. மலைச்சரிவு என்றால் உதகமண்டலம். டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் அங்கே இயங்குகிறது. காடு மீட்டெடுப்பில் ஆர்வம் உள்ளவர்கள் வால்பாறையைப் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுதுண்டாக மிஞ்சிய மழைக்காடுகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நாட்டு மரங்களைக் கொண்டு மீட்டு வருகிறது. கீழ்நாட்டு வறண்ட பசுமைமாறாக் காட்டுக்கு ஆரோவில். காசான், வீரை, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் வெறும் செம்மண் மேட்டில் மறுபடி காடாக எழுந்ததை அங்கே நடந்தே பார்க்கலாம்.

கடலோரம் என்றால் பிச்சாவரம். ஒரு காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட அலையாத்திக் காட்டில், வெயில் பட்டு மண் காய்ந்து அமிழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகி உப்பேறியது. கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் உள்ளே வந்து போக வழி செய்த பிறகே காடு திரும்பியது. புதிதாக வருபவர் இந்த ஒரு எடுத்துக்காட்டை முழுவதுமாகப் புரிந்துகொண்டால் போதும், நாற்று வாங்கும் முன் நீரின் போக்கைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

இதில் எச்சரிக்கையும் உண்டு. மரமில்லாத எல்லா நிலமும் கெட்ட நிலம் என்று எண்ணாதீர்கள். நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகள் சோலையோடு சேர்ந்து நீரைப் பிடித்து விடுபவை. தரிசு என்று கருதி அங்கே சீகையும் தைலமரமும் நட்டதால் வந்த சேதத்தை இன்றும் சரிசெய்து முடியவில்லை. தூத்துக்குடியின் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்கும் அதற்கே உரிய செடிகளும் உயிர்களும் இருக்கின்றன.

சித்திரை, வைகாசி: மண்ணைக் கையில் எடுங்கள்

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள். காய்ந்த மண்தான் தன் குணத்தை ஒளிக்காமல் காட்டும். சொந்த நிலம் இல்லாவிட்டால் உறவினர், நண்பர் யாருடையதாவது ஓர் ஏக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அதன் பட்டாவையும், எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தையும் இறக்கி வையுங்கள். ஓடைப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்பது பின்னால் மிக முக்கியமாகும்.

நான்கு சோதனைகள் செய்யுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை.

முதலாவது பாட்டில் சோதனை. நேரான பக்கமுள்ள கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதற்கு மேல் படிவது வண்டல், ஒன்றிரண்டு நாளில் படிவது களி. ஒவ்வொரு நேரத்திலும் புட்டியில் கோடு போட்டு உயரத்தை அளந்தால் விகிதம் கிடைக்கும். கட்டிகளை நசுக்காமல் போட்டால் களிக்கட்டி மணலோடு சேர்ந்து படிந்து கணக்கைக் கெடுக்கும்.

இரண்டாவது கட்டி கரையும் சோதனை. கோலிக்குண்டு அளவுள்ள காய்ந்த மண்கட்டி மூன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். அரை நிமிடத்துக்குள் பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த மண்ணில் மட்கு குறைவு. முதல் மழைத்துளிகளிலேயே மேற்பரப்பு அடைபட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். ஐந்து நிமிடம் தாண்டியும் உருவம் குலையாமல் நின்றால் நல்ல மண். கட்டியைச் சுற்றிப் பால் போல வெண்கலங்கல் பரவினால் களர்த்தன்மை (சோடியம் மிகுதி) இருக்கலாம். மண்பரிசோதனை நிலையத்தில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது நீர் இறங்கும் வேகம். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 15 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயில் 12 செ.மீ. நீளத் துண்டு வெட்டி, மேலே பலகை வைத்து அடித்து 7 செ.மீ. வரை மண்ணில் இறக்குங்கள். உள்ளே மண்மேல் ஒரு பாலித்தீன் தாளை விரித்து 440 மி.லி. தண்ணீர் ஊற்றி, தாளை மெதுவாக உருவுங்கள். அந்த அளவு 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்க. அது இறங்கியதும் இரண்டாம் முறை ஊற்றி, மினுமினுப்பு மறையும் வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். அது ஒரு மணி நேரம் எடுத்தால், மணிக்கு 50 மி.மீ. பெய்யும் மழையில் பாதி உங்கள் நிலத்தை விட்டு ஓடும் என்று பொருள். உழுத இடம், உழாத இடம், மரத்தடி, மாட்டுத்தடம் என்று நாலைந்து இடத்தில் செய்யுங்கள். ஒரே நிலத்தில் பல மடங்கு வேறுபாடு வரும். குழாயின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் அளவு பொய்யாகும். உள்விளிம்பை ஒட்டிய மண்ணை விரலால் அழுத்திவிட்டு ஊற்ற வேண்டும்.

நான்காவது மண்பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது. பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் சருகை விலக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சரிவிலிருந்து ஒரே கனத்தில் மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மறுபடி கலந்து பிரித்து, அரை கிலோ ஆகும் வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. வரும் முடிவு இரண்டுக்கும் பொருந்தாது.

ஆனி முதல் ஆவணி வரை: மட்டம் பார்க்கப் பழகுங்கள்

மண், நீர்ப் பாதுகாப்பில் கை பழக வேண்டிய முதல் திறமை சம உயரக் கோடு போடுவது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலம் பெரும்பாலும் சமமாக இருக்காது. ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை இதற்கு நம்பாதீர்கள். செல்போனில் உயரப் பிழை பல மீட்டர் வரை போகும், உங்களுக்கு வேண்டியதோ ஒன்றிரண்டு செ.மீ. துல்லியம்.

கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். ஹார்டுவேர் கடையில் 15 மீட்டர் ஒளிபுகும் குழாய் வாங்கி, செ.மீ. அளவு ஒட்டிய ஒன்றரை மீட்டர்க் குச்சிகள் இரண்டில் இரு முனைகளையும் கட்டுங்கள். வாளியிலிருந்து உறிஞ்சி இழுத்து நீர் நிரப்பினால் காற்றுக்குமிழி தங்காது, குழாயில் நேராக ஊற்றினால் தங்கும். ஒரு குமிழி இருந்தாலும் அளவு தவறும். தொடங்கும் முன் இரு குச்சிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்துங்கள், இரண்டிலும் ஒரே அளவு காட்ட வேண்டும். நகரும்போது தண்ணீர் சிந்தாமல் முனைகளைக் கட்டைவிரலால் மூடுங்கள், அளவு பார்க்கும்போது இரண்டு விரலையும் எடுங்கள். ஒரு விரல் மூடியிருந்தாலும் நீர்மட்டம் பொய் சொல்லும்.

சரிவைக் கண்டுபிடிக்க, சரிவின் போக்கிலேயே 15 மீட்டர் இடைவெளியில் குச்சிகளை நிறுத்துங்கள். அளவு வேறுபாடு 45 செ.மீ. என்றால் சரிவு 3 விழுக்காடு. சம உயரக் கோடு போட, ஒரு குச்சியை நிறுத்திவிட்டு மற்றதை மேலும் கீழும் நகர்த்தி, இரண்டிலும் ஒரே அளவு வரும் இடத்தில் முளை அடியுங்கள்.

ஆள் துணை இல்லாதவர்களுக்கு ஏ-சட்டம். இரண்டு மீட்டர்க் கம்புகள் இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குச் சட்டம் போட்டு, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். எங்காவது ஊன்றி, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி அதே புள்ளிகளில் ஊன்றி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நிலத்தில் போகும்போது சட்டத்தைத் தூக்கி வைக்காமல், கவராயத்தைப் போல ஒரு காலை ஊன்றி மற்றதைச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். இப்படிச் செய்தால் சட்டத்தில் உள்ள சிறு கோணல் ஓர் அடிக்கு ஏற்றமாகவும் அடுத்த அடிக்கு இறக்கமாகவும் மாறி மாறிக் கழிந்துவிடும். தூக்கித் தூக்கி வைத்தால் ஒவ்வொரு முறைக்கும் வரும் அரை செ.மீ. பிழை ஐம்பது முறையில் கால் மீட்டர் ஆகிவிடும். ஆடிக்காற்றில் நூல் ஆடும். கனமான போல்ட்டைத் தொங்கவிட்டு, காலை ஏழு மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது.

அடுத்தது வரப்புகளுக்கு இடையே எத்தனை தூரம் என்பது. பொதுவாகப் பயன்படும் கணக்கு இது: சரிவு விழுக்காட்டை மூன்றால் வகுத்து, இரண்டைக் கூட்டி, 0.3-ஆல் பெருக்குங்கள். வருவது இரண்டு வரப்புகளுக்கு இடையே உள்ள உயர வேறுபாடு, மீட்டரில். 3 விழுக்காடு சரிவுக்கு 0.9 மீட்டர், அதாவது தரையில் 30 மீட்டர் இடைவெளி. 2 விழுக்காட்டுக்கு 0.8 மீட்டர், தரையில் 40 மீட்டர். வரப்பின் குறுக்களவை உங்கள் வட்டார மழைக்கேற்ப வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் நேரில் போய்க் கேளுங்கள். ஐப்பசியில் அவர்களுக்கு நேரம் இருக்காது.

வரப்பு போடுவதில் உடைப்புக்குக் காரணமாகும் தவறுகள் பெரும்பாலும் சிலவே.

தரையிலிருந்து எங்கும் ஒரே உயரம் என்று வரப்பு போடுவது முதல் தவறு. சமமாக இருக்க வேண்டியது வரப்பின் தலை. சிறு பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் தரை தாழும், அங்கே வரப்பு உயரமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் போட்டால் தலையும் அங்கே தாழ்ந்து, நிலத்துத் தண்ணீர் முழுவதும் அந்த ஓர் இடத்தில் ஏறிக் குதிக்கும். போட்டு முடித்ததும் டியூப் லெவலை வரப்பின் தலையில் வைத்து மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, மண்ணைக் கொட்டிவிட்டு மிதிக்காமல் விடுவது. 15 செ.மீ. கனமாகப் போட்டு, நனைத்து, மிதித்து, அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அப்படியும் அமரும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரம் வையுங்கள். அடியில் புல்லையும் வேரையும் அகற்றித் தரையைக் கொத்திவிட்டுத் தொடங்காவிட்டால் பழைய தரைக்கும் புது மண்ணுக்கும் நடுவே நீர் புகுந்து துளைக்கும்.

மூன்றாவது, மிகுநீர் போக வழி வைக்காதது. சிறிய வரப்புக்கும் ஒரு கலிங்கு வேண்டும். அதன் வாய் வரப்பின் தலையைவிடக் குறைந்தது 30 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். புதிதாகக் கொட்டிய மண்மேல் அமைக்காதீர்கள், கெட்டித்தரை உள்ள முனையில் அமைத்து, தண்ணீர் விழும் இடத்தில் கல் பதியுங்கள்.

நான்காவது, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வேலை செய்வது. மேல் வரப்பு இல்லாமல் கீழ் வரப்பு மட்டும் இருந்தால், மேல்நிலத்துத் தண்ணீர் மொத்தமும் அதன்மேல் வந்து மோதும். வேலை எப்போதும் மேட்டிலிருந்து இறங்க வேண்டும்.

கரிசலுக்கு இந்தச் சம உயர வரப்பு பொருந்தாது. கோடையில் வரப்பும் சேர்ந்து வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்பில் புகுந்து உள்ளிருந்தே கரைத்துவிடும். அங்கே மழைநீரை ஒரே இடத்தில் தேக்காமல், நிலம் முழுவதும் சிறு சிறு பகுதிப் பாத்திகளாகவோ ஆழச்சால் அகலப் பாத்தியாகவோ பரப்பி நிறுத்துவார்கள். வரப்பு வேண்டுமென்றால் 100 மீட்டருக்கு 20 முதல் 40 செ.மீ. சாய்வு விட்டு, மிகுநீரை மெதுவாக ஒரு புல்வாய்க்காலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள்.

நிலத்தில் சிறு ஓடை விழுந்திருந்தால் கல் தடுப்பு கட்டப் பழகலாம். ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். நடுப்பகுதி இரு ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் ஓரமாகச் சுற்றிப் போய்க் கரையை அறுக்கும். கல்வரிசை இரண்டு கரைக்குள்ளும் ஓர் அடியாவது புதைந்திருக்கட்டும். மேல் தடுப்பின் அடியும் அடுத்த கீழ்த்தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் வருமாறு இடைவெளி விடுங்கள். இவையெல்லாம் பட்டா நிலத்துக்குள் மட்டும். ஓடைப் புறம்போக்கில் ஊராட்சியின், துறையின் அனுமதியில்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. கீழ்நிலத்துக்காரருக்கு வரும் தண்ணீரை மறிப்பது சட்டப்படியும் தவறு, ஊர்முறைப்படியும் தவறு.

பண்ணைக்குட்டை வெட்ட எல்லோரும் ஆசைப்படுவார்கள். செம்மண்ணில் சில நாளில் கசிந்துவிடும். அது குறையில்லை, கிணற்றுக்குப் போகும் நீர்தான். பயிருக்குத் தேக்கி வைக்க வேண்டுமானால் களிமண் உள்ள இடம் தேடுங்கள். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும், சரிவாக வெட்டுங்கள். நீர் நுழையும் வாயில் ஒரு சிறு வண்டல் குழி இல்லாவிட்டால் சில வருடத்தில் குட்டை மேடாகிவிடும். சுற்றிலும் வேலி கட்டாயம் போடுங்கள். குட்டைகளில் குழந்தைகள் மூழ்கி இறக்கும் செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது.

புரட்டாசிக்குள் வகுப்புக்குப் போங்கள்

இத்தனையும் கையில் செய்து பார்த்த பிறகு வகுப்பில் உட்கார்ந்தால் கேட்கக் கேள்வி இருக்கும்.

மிக அருகில் இருப்பது உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. ஓரிரு நாள் பயிற்சிகள் பெரும்பாலும் கட்டணமில்லாமல் நடக்கும். பயிற்சிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மண்ணியல் வல்லுநர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்துப் போங்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தின் கண்டுணர் சுற்றுலா எப்போது என்று கேட்டு வையுங்கள். ஒரு பேருந்தில் முப்பது நாற்பது விவசாயிகளோடு போய்வரும் அந்தப் பயணத்தில், பேச்சிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

சான்றிதழ் வேண்டுமென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இயக்ககம் தமிழிலேயே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது. இந்த ஆண்டுப் பட்டியலில் என்னென்ன உள்ளன என்று பார்த்துச் சேருங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மை டிப்ளமோவைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை மனத்தில் வைத்து வகுத்திருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களில் களப்பணி தேடுபவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆங்கிலம் புரியும் என்றால் என்பிடெல் என்னும் இணையப் பாடத் தளத்தில் காரக்பூர் ஐஐடியின் மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் பாடத்தை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வெழுத மட்டும் கட்டணம். அதில் வரும் கணக்குகளை உங்கள் ஓர் ஏக்கர் அளவுகளைப் போட்டுச் செய்து பாருங்கள். பட்டப்படிப்பாகவே படிக்க விரும்பும் பள்ளி மாணவர்களுக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் நான்காண்டு வனவியல், கோவையிலும் குமுளூரிலும் உள்ள வேளாண் பொறியியல் ஆகிய இரண்டும் நேரான வழிகள்.

தனியார் நடத்தும் வார இறுதிப் பட்டறைகள் இன்று ஏராளம். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்த நேரத்தில் பாதியாவது நிலத்தில் நடக்குமா? மூன்று மழைக்காலம் தாண்டிய வேலையைக் காட்டுவார்களா? தோற்றுப்போன இடத்தையும் கூட்டிப்போய்க் காட்டுவார்களா? மூன்றாவதற்குத் தயங்குகிறவர்களிடம் படம் பார்க்கலாம், வேலை கற்க முடியாது.

ஏரி, கண்மாய் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டத்தைப் போய்ப் பாருங்கள். அதோடு கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து பங்கிடும் உங்கள் ஊர் நீர்பாய்ச்சியைத் தேடிப் பிடியுங்கள். சில பகுதிகளில் நீர்க்கட்டி என்பார்கள். வரத்துக்கால் எங்கே அடைபட்டது, எந்த மதகு கசியும், கலிங்கு எந்த மழைக்கு மறுகால் போகும் என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கும். அந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வயதானவராக இருந்தால் இந்த ஆண்டே போய் அவரோடு கண்மாயைச் சுற்றி நடந்து எழுதி வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மழையில் நில்லுங்கள்

மழைமானி ஒன்றை நீங்களே வையுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே விட்டமுள்ள பாத்திரம், உள்ளே ஒரு மி.மீ. ஸ்கேல். பக்கத்து மரம் அல்லது சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிடுங்கள். வானிலைத் துறை அளப்பதும் அந்த நேரத்தில்தான், அதனால் ஒப்பிடலாம்.

மழை பெய்யும்போதே குடையோடு நிலத்துக்குப் போங்கள். இடி இடித்தால் மட்டும் வெளியே நிற்காதீர்கள், மரத்தடிக்கும் போகாதீர்கள். எந்த வரப்பில் முதலில் தண்ணீர் நிற்கிறது, எங்கே நீர் திரண்டு தடம் போடுகிறது, எங்கே தெளிவாக வருகிறது, எங்கே செக்கச் சிவந்து வருகிறது என்று புலப்படத்தின் நகலில் பென்சிலால் குறியுங்கள். ஓடும் நீரில் ஒரு லிட்டர் பிடித்துவந்து தெளியவிட்டு, வண்டலைக் காயவைத்து எடை பாருங்கள்.

அந்த எடையை வைத்து ஒரு கணக்கு போடலாம். ஓர் ஏக்கரில் 50 மி.மீ. மழை என்பது சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடினால் 40,000 லிட்டர். லிட்டருக்கு 5 கிராம் மண் இருந்தால் அந்த ஒரு மழையில் 200 கிலோ மேல்மண் போய்விட்டது. வரப்பு போட்ட நிலத்திலும் போடாத நிலத்திலும் ஒரே மழையில் பிடித்த இரண்டு புட்டிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த விளக்கமும் தேவைப்படாது. ஊர்க்காரர்களிடம் பேசப் போகும்போதும் இந்தப் புட்டிகளையே எடுத்துப் போங்கள்.

நடுவதும் இந்த மாதங்களில்தான். முதல் நல்ல மழை மண்ணில் ஓரடிக்கு இறங்கிய பிறகு நடுங்கள். ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழியை மழைக்கு முன்பே வெட்டி ஆறப்போட்டிருக்க வேண்டும். கவரைக் கிழித்து முழுவதுமாக எடுங்கள், அடியில் சுருண்ட வேரைக் கத்தரியுங்கள். மார்கழிக் கடைசியில் நட்ட கன்று வேர் இறங்கும் முன்பே வெயிலைப் பார்த்துவிடும். மரத்துக்கு முன்னால் வரப்பில் புல் வரட்டும். வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ ஒரு மழையில் பிடித்துக்கொள்ளும். ஆடு மேயாமல் முதல் பருவம் காப்பாற்றிவிட்டால், வரப்பை நெடுங்காலம் தாங்குவது அந்தப் புல்தான். சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். தூரோடு ஓரடி ஆழத்துக்குத் தோண்டி எடுக்காவிட்டால் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். எடுத்த இடத்தை வெறுமையாக விட்டாலும் விதைகள் முளைக்கும். அதே வாரத்தில் புல்லோ நாட்டு மரமோ வைத்துவிடுங்கள்.

மார்கழிக்குப் பிறகு

உடைந்த இடங்களை ஈரம் காயும் முன் பாருங்கள். ஒவ்வோர் உடைப்பையும் படம் எடுத்து, ஏன் உடைந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: தலை தாழ்ந்ததா, அடி கசிந்ததா, கலிங்கு போதவில்லையா, நண்டு எலி வளையா. அடைப்பதற்கு முன்னால் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில்தான் போகும். வண்டல் மண் தேவை என்றால் கண்மாய் வற்றியதும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள்.

வேறோர் இடத்தில் தங்கிக் கற்க இது நல்ல காலம். ஆரோவில்லை ஒட்டி 2003 முதல் இயங்கும் சாதனா ஃபாரஸ்ட் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. வரப்பு, நீர்ச்சேமிப்பு, நாட்டு மரம் மூன்றையும் உடல் உழைப்போடு அங்கே பழகலாம். உணவு முழுக்கத் தாவர உணவுதான், பாலும் கிடையாது. கோத்தகிரியின் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் மலைவாழ் மக்களோடு சேர்ந்து இயங்குகிறது. காட்டை நம்பி வாழும் மக்களைப் புறந்தள்ளாத பாதுகாப்பு எப்படி இருக்கும் என்று அங்கே புரியும். இத்தகைய இடங்களுக்கு எழுதும்போது "ஆர்வமாக இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினால் பதில் வருவது அரிது. எந்த மாதம், எத்தனை வாரம், என்ன வேலை தெரியும், என்ன கற்க வேண்டும் என்று நான்கு வரியில் எழுதுங்கள்.

வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது இந்த ஆண்டுக் குறிப்பேட்டை இணையுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை: நிலத்தின் சரிவு வரைபடம், நான்கு மண் சோதனைகளின் அளவுகள், நாள்வாரி மழை, நீர் போன தடம் குறித்த புலப்படம், உடைப்புகளின் படமும் காரணமும். பங்குனிக்குள் அதைச் சுத்தப் பிரதியாக எழுதி முடித்து, ஒரு நகலை நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.